லிஃப்டிங் பீமுக்கு எஃப்.இ.ஏ. ரிப்போர்ட் கேட்கிறார்களா? முதல்முறை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோவையில் குறிச்சிப் பக்கம் சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் ஒருவர் 5 டன் லிஃப்டிங் பீம் கேட்டார். கிரேன் கொக்கியில் மாட்டி, இரண்டு முனையிலும் மோட்டார் பாகத்தைத் தொங்கவிட்டுத் தூக்கும் சாதாரண பீம்தான். இதுபோல எத்தனையோ செய்திருக்கிறோம். ஆனால் இந்த முறை பர்ச்சேஸ் ஆர்டரின் கடைசி வரியில் ‘எஃப்.இ.ஏ. ரிப்போர்ட் இணைக்க வேண்டும்’ என்று இருந்தது.

ஒரு ஃப்ரீலான்ஸரைப் பிடித்து 12,000 ரூபாய் கொடுத்தேன். நான்கே நாளில் 22 பக்கம் வந்துவிட்டது. நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பக்கத்துக்குப் பக்கம் வானவில். வாடிக்கையாளரின் பாதுகாப்புப் பிரிவுப் பொறியாளர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூன்று கேள்வி கேட்டார். கையால் போட்ட கணக்கு எங்கே? தாங்கும் இடத்தில் வரும் எதிர்விசையின் கூட்டுத்தொகை எவ்வளவு? மெஷ்ஷை, அதாவது கணக்குக்காகப் பீமைப் பிரித்த கூறுகளின் வலையை, பொடியாக்கினால் விடை மாறுகிறதா? ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. ஃப்ரீலான்ஸரிடமும் இல்லை. பிறகு நானே உட்கார்ந்து கற்று, ஒரு ஆலோசகரிடம் திருத்தம் வாங்கி முடிக்க ஏழு வாரம் ஆனது. அடுத்த பீமுக்குப் பன்னிரண்டு வேலை நாள்தான். இடையில் தெரிந்துகொண்டதை வரிசையாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

எஃப்.இ.ஏ. (ஃபைனைட் எலிமென்ட் அனாலிசிஸ்) என்பது பொருளைச் சின்னச் சின்னக் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எவ்வளவு நீள்கிறது, வளைகிறது என்று கணினி கணக்கிடும் முறை. அதற்கு மேல் விளக்கம் இங்கே வேண்டாம், நேராக வேலைக்குப் போவோம்.

1. என்ன வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள்

‘எஃப்.இ.ஏ. வேண்டும்’ என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்காதீர்கள். மின்னஞ்சலில் நான்கு விஷயம் கேளுங்கள். எந்த விதிமுறைப்படி? பாதுகாப்புக் காரணி எத்தனை? ஒரு நாளைக்கு எத்தனை தடவை தூக்குவீர்கள்? ரிப்போர்ட்டில் யார் கையெழுத்து வேண்டும்?

கொக்கிக்குக் கீழே மாட்டும் சாதனங்களுக்கு அமெரிக்க ஏஎஸ்எம்இ அமைப்பின் பிடிஎச்-1 என்ற விதிமுறையைப் பலர் கேட்கிறார்கள். அதில் சுமையும் சூழலும் நன்றாகத் தெரிந்த வேலை ‘ஏ’ வகை. அதற்கு எஃகு நிரந்தரமாக வளையத் தொடங்கும் அளவை, அதாவது ஈல்ட் அளவை, 2 ஆல் வகுக்க வேண்டும். சுமையைச் சரியாகக் கணிக்க முடியாத, கடுமையான வேலை ‘பி’ வகை. அதற்கு 3 ஆல். எங்கள் வாடிக்கையாளர் ‘பி’ என்றார். ஃப்ரீலான்ஸர் ‘ஏ’ என்று வைத்துக் கணக்குப் போட்டிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, நான்தான் சொல்லவில்லை.

கையெழுத்து விஷயத்தை அலட்சியமாக விடாதீர்கள். சிலர் சார்ட்டர்ட் இன்ஜினியர் கையெழுத்துக் கேட்பார்கள், சிலருக்கு உங்கள் நிறுவன முத்திரையே போதும். கடைசி வாரத்தில் இது தெரியவந்தால், நீங்கள் செய்த மாடலை முன்பின் பார்க்காத ஒருவரிடம் போய்க் கையெழுத்துக்கு நிற்க வேண்டியிருக்கும். நல்லவர் போட மாட்டார்.

2. காகிதங்களைச் சேருங்கள்

மென்பொருளைத் திறக்கும் முன் மேசைமேல் இருக்க வேண்டியவை:

– திருத்த எண்ணோடு கூடிய டிராயிங். பட்டறையில் ஒட்டியிருக்கும் டிராயிங்கும் ரிப்போர்ட்டில் இருப்பதும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும்.
– இரும்பின் மில் சர்ட்டிஃபிகேட், அதாவது ஆலை தரும் தரச் சான்று.
– தூக்கப்போகும் பொருளின் எடை, எடை மையம் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு.
– கிரேன் கொக்கியின் அளவு. கொக்கி நுழையாத லக்கை (பீமில் வெல்டு வைக்கும் துளையிட்ட பிளேட்) நான் ஒருமுறை செய்திருக்கிறேன், அந்தக் கதை வேண்டாம்.
– ஷேக்கில் (லக் துளையில் மாட்டும் ‘யு’ வடிவ வளையம்), ஸ்லிங் (தூக்கும் கயிறு அல்லது சங்கிலி) சர்ட்டிஃபிகேட்கள். வெல்டரின் தகுதிச் சான்று.

இதில் சிக்கல் பிடித்தது மில் சர்ட்டிஃபிகேட். கடையில் கேட்டால் ஒரு ஜெராக்ஸ் கொடுத்துவிடுவார்கள். அதிலுள்ள ஹீட் நம்பர், அதாவது எந்த உருக்கில் வார்த்தது என்ற எண், உங்கள் கையில் இருக்கும் பிளேட்டில் பஞ்ச் அடித்த எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எனக்கு ஒத்துப்போகவில்லை. ஒரு துண்டை வெட்டிப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி இழுவைச் சோதனை செய்ய வேண்டியதாயிற்று. மெஷினிங்கோடு சேர்த்து 1,800 ரூபாய், நான்கு நாள்.

இன்னொரு பொறி. ஐஎஸ் 2062 இ250 எஃகு என்றால் ஈல்ட் 250 மெகாபாஸ்கல் என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வோம். அது 20 மி.மீ. தடிமனுக்குக் கீழேதான். 20 முதல் 40 வரை 240, அதற்கு மேல் 230. எங்கள் லக் பிளேட் 25 மி.மீ. தடிமன். ஆகவே பீமுக்கு அனுமதி 250-ஐ 3 ஆல் வகுத்து 83, லக்குக்கு 240-ஐ வகுத்து 80. வித்தியாசம் சின்னதுதான். ஆனால் ரிப்போர்ட் பார்ப்பவர் இதைக் கண்டுபிடித்துவிட்டால் மீதி எல்லாவற்றையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்.

3. கால்குலேட்டரில் விடையைக் கண்டுபிடியுங்கள்

‘கணினி இருக்கும்போது கையால் எதற்கு?’ என்று எனக்கும் தோன்றியது. விடை தோராயமாக எவ்வளவு வரும் என்று முன்பே தெரியாவிட்டால், கணினி தப்பான விடை கொடுக்கும்போது அது தப்பு என்றே உங்களுக்குத் தெரியாது.

எங்கள் பீமின் கணக்கு இதுதான். 5 டன் என்றால் 49,050 நியூட்டன். நடுவில் ஒரே லக், இரண்டு முனைக் கொக்கிகளுக்கும் இடைவெளி 3 மீட்டர். ஒவ்வொரு முனையிலும் 24,525 நியூட்டன். நடுவில் பீமை வளைக்கும் பெண்டிங் மொமென்ட் 24,525 பெருக்கல் 1.5 மீட்டர், அதாவது சுமார் 36.8 கிலோநியூட்டன் மீட்டர்.

ஐஎஸ்எம்பி 250, அதாவது 250 மி.மீ. உயர ‘ஐ’ வடிவ பீம் போட்டால், அதன் செக்ஷன் மாடுலஸ் (வளைவை எதிர்க்கும் அளவு) சுமார் 410 கன சென்டிமீட்டர், ஸ்ட்ரெஸ் 90 மெகாபாஸ்கல் வருகிறது. (ஒரு சதுர மில்லிமீட்டரில் விழும் விசை. பாடப்புத்தகத்தில் தகைவு என்று இருக்கும், பட்டறையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.) 83-ஐத் தாண்டிவிட்டது. ஐஎஸ்எம்பி 300 என்றால் மாடுலஸ் சுமார் 573, ஸ்ட்ரெஸ் 64. சரி, 300-ஐ எடுத்தோம். முனை எவ்வளவு தாழும்? பாதிப் பீமை ஒரு முனையில் மட்டும் இறுகப் பிடித்த உத்தரமாக நினைத்து வழக்கமான சூத்திரத்தில் போட்டால் 1.6 மி.மீ.

அரைப் பக்கம், அரை மணி நேரம். இந்த 64, 1.6 என்ற இரண்டு எண்ணும்தான் அடுத்த இரண்டு வாரம் எனக்கு வழிகாட்டின. பீமை 250-இலிருந்து 300-க்கு மாற்ற வேண்டும் என்று சொன்னதும் இந்த அரைப் பக்கம்தான். மென்பொருளை நான் அப்போது தொட்டிருக்கவே இல்லை.

4. மென்பொருளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம், இப்போதைக்கு

வருட உரிமத்துக்கு லட்சக்கணக்கில் கேட்கும் மென்பொருள்கள் நல்லவைதான். ஒரு பீமுக்காக அவற்றை வாங்கக் கூடாது. திருட்டுப் பிரதி வேண்டவே வேண்டாம். ரிப்போர்ட்டில் மென்பொருளின் பெயரும் பதிப்பும் எழுத வேண்டும், அடுத்த கேள்வியே உரிம எண்ணாக இருக்கும்.

இலவசமாகவே மூன்று வழி இருக்கிறது. ஃப்ரீகேட்: வரைவதும் கணக்கிடுவதும் ஒரே இடத்தில். பிரீபோமேக்ஸ்: விண்டோஸில் ஓடும், புதியவர்களுக்கு எளிது. இரண்டுக்கும் உள்ளே வழக்கமாகக் கணக்குப் போடுவது கால்குலிக்ஸ் என்ற ஒரே சால்வர்தான். மூன்றாவது கோட் ஆஸ்டர், பிரான்ஸின் மின்சார நிறுவனமான இடிஎஃப் உருவாக்கியது. ஆழமானது, ஆனால் முதல் வேலைக்கு அதில் இறங்கினால் மூச்சு முட்டும். நான் பிரீபோமேக்ஸில் செய்தேன்.

சாதாரண மேசைக் கணினி போதும். 8 ஜிபி ராம் திணறியது, இன்னொரு 16 ஜிபி போட்டேன், 4,500 ரூபாய் ஆனது. கிராஃபிக்ஸ் கார்டு வாங்கச் சொல்லி யாராவது ஆசை காட்டினால் கேட்காதீர்கள்.

அலகு விஷயத்தில் எல்லோரும் ஒருமுறையாவது அடி வாங்குவார்கள். மில்லிமீட்டர், நியூட்டன் என்று வேலை செய்தால் எடை அலகு டன் ஆகிவிடும். எஃகின் அடர்த்தியாக 7850 போடக் கூடாது, 0.00000000785 போட வேண்டும். ஈர்ப்பு 9.81 அல்ல, 9810. நான் 7850 போட்டுவிட்டு, பீம் தன் எடையிலேயே நொறுங்குவதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இது நல்ல தப்பு, உடனே தெரிந்துவிடும். தெரியாத தப்புகள் கீழே வருகின்றன.

5. மாடலை எளிமையாக்குங்கள்

பட்டறை டிராயிங்கை அப்படியே ஏற்றாதீர்கள். பெயர்ப்பலகை, அதன் நான்கு துளைகள், பெயின்ட்டுக்காக மழுக்கிய ஓரங்கள் எல்லாவற்றையும் நீக்குங்கள். ஒரு 3 மி.மீ. துளைக்காகக் கணினி ஆயிரக்கணக்கில் கூறுகளைக் கொட்டும். நீக்கியவற்றை ரிப்போர்ட்டில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். லக் துளையையும் லக் பீமோடு சேரும் இடத்தையும் மட்டும் தொடாதீர்கள்.

6. தாங்கலும் சுமையும்: தப்பெல்லாம் இங்கேதான்

மென்பொருளுக்கு உங்கள் பீம் எங்கே தொங்குகிறது என்று தெரியாது. நீங்கள் சொல்வதை அப்படியே நம்பிவிடும். நிதானமாகச் செய்ய வேண்டிய படி இது ஒன்றுதான்.

ஒற்றைக் கொக்கியில் தொங்கும் பீம் ஊஞ்சல் மாதிரி. தள்ளினால் ஆடும், சுழலும். கணினிக்கு ஆடும் பொருள் பிடிக்காது, பிழை காட்டி நின்றுவிடும். உடனே கை எங்கே போகும் தெரியுமா? ‘ஃபிக்ஸ்’ பொத்தானுக்கு. நான் பீமின் மேல் ஃபிளாஞ்ச் முழுவதையும், அதாவது ‘ஐ’ வடிவத்தின் மேல் பட்டையை, ஃபிக்ஸ் செய்தேன். பிழை போய்விட்டது, விடை வந்தது, ஸ்ட்ரெஸ் வெறும் 9. எவ்வளவு பலமான பீம் என்று பெருமைப்பட்டேன்! பீமைக் கூரையோடு சேர்த்து வெல்டு வைத்துவிட்டு ‘தொங்குகிறது’ என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சரியான வழி இரண்டு. பீமை நடுவில் வெட்டிப் பாதியை மட்டும் எடுத்து, வெட்டிய முகத்தில் சமச்சீர்க் கட்டுப்பாடு கொடுக்கலாம். அப்போது சுமையும் பாதிதான், 24,525. பாதி மாடலில் முழுச் சுமையைப் போட்டு விடை இருமடங்காக வந்து தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் உண்டு. இன்னொரு வழி: முழு மாடலை வைத்து, ஆடும் திசைகளில் மட்டும் மிக மெல்லிய ஸ்பிரிங் கட்டுவது. ஸ்பிரிங்கில் வரும் விசை ஏறக்குறைய பூஜ்யமாக இருக்கிறதா என்று கடைசியில் பாருங்கள். சுமை சாய்வாக வரும் நிலைக்கு இரண்டாவது வழிதான் உதவும்.

லக் துளையில் ஷேக்கிலின் பின், அதாவது குறுக்கே நுழையும் தண்டு, எங்கே தொடுகிறது என்று யோசியுங்கள். மேல் லக்கில் அந்தத் தண்டு துளையின் மேல்பாதியை மட்டும்தான் அழுத்தும், கீழ்ப்பாதியில் காற்றுதான் இருக்கும். துளையின் முழுவட்டத்தையும் தேர்ந்தெடுத்தால், தண்டு கீழ்ப்பாதியையும் பசை போட்டு ஒட்டிக்கொண்டு இழுப்பதாகக் கணினி நினைத்துக்கொள்ளும், ஸ்ட்ரெஸ் குறைத்துக் காட்டும். துளையின் முகத்தை இரண்டாகப் பிரித்து, தொடும் பாதியை மட்டும் எடுங்கள். முனைகளில் தொங்கவிடும் துளைகளுக்கு இது தலைகீழ், அங்கே கீழ்ப்பாதி.

அப்புறம், ஒரே ஒரு சுமை நிலையோடு நிறுத்திவிடாதீர்கள். நாங்கள் நான்கு எடுத்தோம்.

முதலாவது, நேராகத் தூக்குவது. இரண்டாவது, எடை மையம் 150 மி.மீ. தள்ளியிருப்பது. அப்போது ஒரு முனையில் 2.5 டன்னுக்குப் பதில் 2.75 டன். ஒற்றை லக் என்பதால் பீமும் சாயும். மூன்றாவது, கிரேன் சற்றுத் தள்ளி நிற்கும்போது 5 டிகிரி பக்கவாட்டில் இழுப்பது. நான்காவது, லோட் டெஸ்ட் சுமை, 125 சதவீதம்.

இதில் மூன்றாவதுதான் எங்களை உலுக்கியது. லக் 200 மி.மீ. அகலம், 25 தடிமன், துளை ஃபிளாஞ்சிலிருந்து 120 மி.மீ. உயரத்தில். நேராக இழுத்தால் லக்கின் அடியில் ஸ்ட்ரெஸ் 10 மெகாபாஸ்கல்கூட இல்லை. 5 டிகிரி சாய்ந்தால் பக்கவாட்டு விசை சுமார் 4,275 நியூட்டன்தான், ஆனால் அது பிளேட்டை அதன் மெல்லிய பக்கமாக வளைக்கிறது. ஸ்ட்ரெஸ் 34-ஐத் தொட்டது, மூன்றரை மடங்கு. பிளேட்டுக்குத் தாக்குப்பிடிக்கும் வலு இருந்தது. வெல்டை மட்டும் பெரிதாக்கினோம். உங்கள் ஆபரேட்டர் எப்போதும் கொக்கியை நேர் மேலே கொண்டுவந்துதான் தூக்குவார் என்று சத்தியம் செய்ய முடியுமா? என்னால் முடியாது.

7. மெஷ்

இரண்டு விதி போதும். நான்கு முனை கொண்ட டெட்ரா (நான்முகி வடிவ) கூறுகளைப் பயன்படுத்தாதீர்கள், பத்து முனை கொண்டவற்றை எடுங்கள். நான்கு முனைக் கூறு வளைய மறுக்கும் பிடிவாதக்காரன், பீமை இருப்பதைவிட விறைப்பாகக் காட்டும். எனக்கு அதில் 1.1 மி.மீ. தாழ்வு வந்தது. கையில் 1.6 என்று எழுதி வைத்திருந்ததால்தான் விழித்துக்கொண்டேன். இரண்டாவது, பிளேட்டின் தடிமனுக்குக் குறுக்கே குறைந்தது இரண்டு கூறாவது இருக்கட்டும்.

பிறகு ஒரே கணக்கை மூன்று மெஷ்ஷில் ஓட்டுங்கள். நான் 20, 10, 5 மி.மீ. என்று ஓட்டினேன். லக்கிலிருந்து 300 மி.மீ. தள்ளி ஃபிளாஞ்சில் ஸ்ட்ரெஸ் 49, 51, 51. நின்றுவிட்டது, நம்பலாம். லக் ஃபிளாஞ்சைத் தொடும் கூர்மையான உள்மூலையில் 58, 86, 121. ஏறிக்கொண்டே போகிறது. இன்னும் பொடியாக்கினால் இன்னும் ஏறும், முடிவே கிடையாது. கூர்மூலையில் கணக்குப்படி ஸ்ட்ரெஸ் எல்லையில்லாதது, அது பீமின் குறை அல்ல. உண்மையில் அங்கே வெல்டின் வளைவு இருக்கும். அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்த்துப் பயந்து பிளேட்டைத் தடிமனாக்கவும் வேண்டாம், ‘அது சும்மா’ என்று ஒதுக்கவும் வேண்டாம். அந்த இடத்தைத் தனியாகக் கைக்கணக்கில் சரிபார்க்க வேண்டும், படி 9-இல் வருகிறது.

மெஷ் என்ன பெரிய விஷயமா என்று தோன்றினால் ஒரே ஒரு சம்பவம் சொல்கிறேன். நார்வேயில் ஸ்லைப்னர் ஏ என்ற கடல் எண்ணெய்த் தளத்தின் கான்கிரீட் அடித்தளம் 1991 ஆகஸ்ட் 23 அன்று ஸ்டாவாங்கர் அருகே சோதனையின்போது மூழ்கியது. கான்கிரீட் அறைகள் சந்திக்கும் மூலையில் மெஷ் சரியில்லாமல், வெட்டு விசையைக் கணினி 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தது. அதை நம்பி அங்கே கம்பியும் குறைவாகப் போட்டிருந்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை, நட்டம் பல நூறு கோடி.

8. விடையை நம்புவதற்கு முன்

வண்ணப் படத்தைப் பார்க்கும் முன் இதைப் பாருங்கள். எதிர்விசையின் கூட்டுத்தொகை: 49,050, அதோடு பீமின் சொந்த எடைக்குச் சுமார் 1,400 நியூட்டன். வித்தியாசம் வந்தால் சுமை எங்கோ தொலைந்திருக்கிறது, மேற்கொண்டு போகாதீர்கள். அடுத்தது, அசைவை ஆயிரம் மடங்கு பெரிதாக்கி ஓட விடுங்கள். முனைகள் கீழே போகின்றனவா? நடுவில் ஏதாவது பிரிந்து பறக்கிறதா? லக்கும் பீமும் ஒட்டாமல் விட்டிருந்தால் இங்கே கண்ணுக்குத் தெரியும்.

கடைசியாகக் கைக்கணக்கோடு ஒப்பீடு. எங்களுக்குத் தாழ்வு 1.8 வந்தது, கையில் 1.6. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஆலோசகர் தொலைபேசியிலேயே சொன்னார்: வழக்கமான சூத்திரம் வளைவை மட்டும் பார்க்கும், வெட்டு விசையால் வரும் தாழ்வைப் பார்க்காது. குட்டையான, உயரமான பீமில் அது தெரியும். கணக்கிட்டால் அது 0.2. இரண்டும் சேர்ந்து 1.8. இந்த ஒரு பத்தியை ரிப்போர்ட்டில் எழுதினேன், பாதுகாப்புப் பிரிவுப் பொறியாளர் பென்சிலால் டிக் அடித்த முதல் இடம் அதுதான்.

9. கணினி தானாகச் சொல்லாதவை

சாதாரண நேரியல் கணக்கு ஸ்ட்ரெஸ்ஸை மட்டும் சொல்லும். பக்கவாட்டில் புரண்டு மடங்குவது, வெல்டு கிழிவது, பல்லாயிரம் தடவை தூக்கி அலுத்து விரிசல் விடுவது ஆகியவை அதில் வராது.

மடங்குவதற்குத் தனியாக பக்ளிங் கணக்கு ஓட்ட வேண்டும். தொங்கும் பீமின் முனைகளைப் பக்கவாட்டில் யாரும் பிடித்திருக்கவில்லை என்பதை மறக்காதீர்கள். மாடலில் பிடித்திருந்தால் விடை பொய். அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் நகர அரங்கின் கூரை 1978 ஜனவரி 18 அதிகாலையில் பனியின் எடையில் விழுந்தது. அழுத்தம் வாங்கும் கம்பங்கள் நடுவில் பிடிக்கப்பட்டிருப்பதாகக் கணினி மாடல் எடுத்துக்கொண்டது, கட்டியதில் அந்தப் பிடிப்பு இல்லை. சில மணி நேரம் முன்புதான் ஆயிரக்கணக்கானோர் கூடைப்பந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

வெல்டுக்குக் கைக்கணக்குதான். ஃபில்லெட் வெல்டின் கணக்குத் தடிமன் அதன் கால் நீளத்தில் 0.7 பங்கு. 8 மி.மீ. வெல்டு என்றால் 5.6. லக் துளைக்கும் பிடிஎச்-1-இல் தனிச் சூத்திரங்கள் இருக்கின்றன: துளையின் இருபுறமும் இழுபட்டு அறுவது, தண்டுக்கு நேர் மேலே பிளப்பது, இரண்டு கோடுகளில் வெட்டுப்பட்டுத் தண்டு வெளியே வருவது. மூன்றையும் போடுங்கள், ஒரு பக்கம்தான்.

அலுப்புக்கு முதலில் தூக்கும் எண்ணிக்கை வேண்டும், படி 1-இல் கேட்கச் சொன்னது இதற்குத்தான். பிடிஎச்-1-இன் மிகக் குறைந்த சேவை வகுப்பு 20,000 தடவை வரை. ‘எப்போதாவதுதான் தூக்குவோம்’ என்று வாடிக்கையாளர் சொன்னார். நாளைக்கு 40 தடவை, வருடத்துக்கு 300 நாள் என்றால் 12,000. இரண்டு வருடம் முடியும் முன்பே 20,000 தாண்டிவிடும். அப்படியென்றால் வெல்டுகளுக்கு அலுப்புக் கணக்கும் வேண்டும். எப்போதாவது என்ற சொல்லை ரிப்போர்ட்டில் எழுதாதீர்கள், எண்ணை எழுதுங்கள்.

10. ரிப்போர்ட்

எங்கள் இரண்டாவது ரிப்போர்ட் 14 பக்கம், வண்ணப் படம் ஆறுதான். டிராயிங் எண், பொருளின் ஹீட் நம்பர், சுமை நிலைகள், தாங்கல்கள் எங்கே எதற்காக, மெஷ் அட்டவணை, எதிர்விசை, கைக்கணக்கு ஒப்பீடு, வெல்டும் துளையும், எதைக் கணக்கில் எடுக்கவில்லை என்ற பட்டியல். இந்தக் கடைசிப் பட்டியலைப் போடத் தயங்குவார்கள். போடுங்கள், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்ததாகத்தான் பொருள்.

வண்ண அளவுகோலை நீங்களே நிர்ணயியுங்கள். அனுமதிக்கும் 83-ஐச் சிவப்பாக வையுங்கள். தானாக விட்டால் மென்பொருள் ஒவ்வொரு படத்திலும் அதிகபட்ச எண்ணைச் சிவப்பாக்கும், 10 மெகாபாஸ்கலும் பயமுறுத்தும், 300-உம் பச்சையாகத் தெரியும்.

மூலக் கோப்புகளையும் சேமியுங்கள். மூன்றாம் நபர் சரிபார்ப்புக்கு எனக்கு 15,000 ரூபாய், ஐந்து நாள். கோப்பு இல்லாமல் பிடிஎஃப் மட்டும் கொடுத்தால் அவர் முதலிலிருந்து செய்வார், கட்டணமும் கூடும்.

11. லோட் டெஸ்ட்

ரிப்போர்ட் ஏற்கப்பட்டாலும் பீமை நேரில் தூக்கிக் காட்டாமல் பயன்படுத்த முடியாது. முதலில் வெல்டுகளுக்கு டிபி சோதனை (விரிசல் தெரியச் சாயம் தடவிப் பார்ப்பது), எனக்கு 2,500 ரூபாய். பிறகு 125 சதவீதம், அதாவது 6.25 டன். தமிழ்நாட்டில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் அங்கீகரித்த தகுதிபெற்ற நபர் வந்து பார்த்துச் சான்று தருவார். சுமைத் தொகுப்போடு சேர்த்து 14,000 ஆனது. அவருடைய தேதி கிடைக்கத்தான் பத்து நாள், ஆகவே கணக்கு ஓடும்போதே பதிவு செய்துவிடுங்கள். எந்தப் படிவம், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசோதனை என்பதை அவரிடமே அன்றைக்கே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் மாறிய பிறகு பழைய நகலை வைத்துக்கொண்டு போனால் திருப்பி அனுப்புகிறார்கள்.

சுமை தொங்கும் அந்தப் பத்து நிமிடத்தை வீணாக்காதீர்கள். பீமின் இரு முனைக்கும் மெல்லிய கம்பியை இழுத்துக் கட்டி, நடுவில் இடைவெளியை அளந்தேன். கணினிப்படி 1.8 பெருக்கல் 1.25, அதாவது 2.25 வர வேண்டும். 2.4 வந்தது. இறக்கியபின் கம்பி பழைய குறிக்கே திரும்பியது, நிரந்தர வளைவு இல்லை. வசதியிருந்தால் நீட்சியை அளக்கும் ஸ்ட்ரெய்ன் கேஜ் ஒட்டுங்கள். லக்கிலிருந்து 300 மி.மீ. தள்ளி ஒட்டினால் அந்தச் சுமையில் சுமார் 320 மைக்ரோஸ்ட்ரெய்ன் (பத்து லட்சத்தில் 320 பங்கு நீட்சி) காட்ட வேண்டும். லக்குக்கு அருகில் ஒட்டாதீர்கள், அங்கே வரும் எண்ணை எதோடும் ஒப்பிட முடியாது.

மொத்தச் செலவு சுமார் 38,000, வீணான 12,000 தனி. பீமின் இரும்பும் கூலியும் இதில் சேராது. அடுத்த முறை விலைப்புள்ளி கொடுக்கும்போதே இதைத் தனி வரியாகப் போடுங்கள். நான் போடவில்லை, அந்த ஆர்டரில் லாபம் என்று எதுவும் மிஞ்சவில்லை.

இன்னொன்று. டெஸ்ட் முடிந்து மூன்று மாதம் கழித்து வாடிக்கையாளர் அழைத்தார், முனைக் கொக்கிகளை 3 மீட்டரிலிருந்து 3.4 மீட்டருக்கு நகர்த்தித் தரச் சொல்லி. இரண்டு துளைதானே, போட்டுத் தந்துவிடலாம் என்றார் எங்கள் ஃபிட்டர். கால்குலேட்டரை எடுத்தோம்: 64 இப்போது 73. அனுமதிக்குள்தான், ஆனாலும் டிராயிங்கில் திருத்த எண் மாற்றி, கணக்கை மறுபடி ஓட்டி, தேதி வாங்கி லோட் டெஸ்ட்டும் செய்த பிறகுதான் அனுப்பினோம். இந்த முறை எல்லாவற்றுக்கும் விலைப்புள்ளி கொடுத்திருந்தேன்.